ஹம் இல்லாத பெட்டி

ஒரு சவுண்ட் சிஸ்டத்தின் யோக்கியதை பாட்டு ஓடும்போது தெரியாது, ஓடாதபோதுதான் தெரியும். ஓர் உருப்படி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இருக்கும் சில நொடிகளில் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனால் 'உய்ங்' என்று ரீங்காரம் வருகிறதா, இல்லை அரங்கத்து மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறதா? எந்தப் பெட்டியையும் நான் முதலில் இப்படித்தான் சோதிப்பேன். நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும், பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டிப் பேசும் லெக்-டெம்களுக்கும், ரசிகர்கள் கூடி உட்கார்ந்து கேட்கும் கூட்டங்களுக்கும் கையில் தூக்கிப் போகிற அளவில் இசைப் பெட்டிகள் செய்து கொடுப்பது என் தொழில். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றும் ஒரு டாக் போர்டு, இரண்டு பேட்டரித் தொகுப்பு. வெளியே நான்கு பட்டன், இரண்டு எக்ஸ்எல்ஆர் சாக்கெட். பார்வைக்கு இவ்வளவுதான்.

இப்படி ஒரு பெட்டிக்குத் தேவை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஒரு முழுக் குழுவை ஊர் ஊராகக் கூட்டிப் போவது எல்லா நாட்டியக் கலைஞர்களுக்கும் கட்டுப்படியாகாது. ஸ்டூடியோவில் ஒருமுறை பதிவு செய்து அந்த 'டிராக்'கோடு கிளம்பிவிடுகிறார்கள். கேசட் காலத்தில் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றி, பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி வைப்போம். சிடி வந்தபோது நிம்மதி என்று நினைத்தால், ஒரு கீறல் விழுந்தாலே ஜதியின் நடுவில் 'தக தக தக' என்று அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதன் பிறகு லேப்டாப். லேப்டாப்பால் எல்லா வேலையும் செய்ய முடியும், கோளாறே அதுதான். வர்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயில் வந்த சேதியை மணியடித்துச் சொல்லும். அப்டேட் போட்டுக்கொண்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். பாட்டு எந்த சாம்பிள் ரேட்டில் பதிவாகியிருந்தாலும் தன் உள் மிக்சருக்குத் தோதான ரேட்டுக்கு மாற்றித்தான் வெளியே விடும். சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கர் சீறும், பிடுங்கினால் அடங்கும்.

பிள்ளைகள் புரோகிராமிங் கற்கட்டும் என்று பிரிட்டனில் 2012-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், இந்தத் தலைவலிக்கு மருந்தாக அமைந்தது. 2014-இல் வந்த பி பிளஸ் மாடலிலிருந்து அதன் ஓரத்தில் 40 ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் 18, 19, 21 என்று எண்ணிட்ட மூன்று ஜிபிஐஓ இணைப்புகள்தான் எங்கள் பிழைப்பு. பிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் வகுத்த ஐ2எஸ் முறையில், ஒரு கம்பி பிட்டுகளுக்குத் தாளம் போடும். இன்னொன்று இது இடது பக்கம், இது வலது பக்கம் என்று பிரித்துக் காட்டும். மூன்றாவதில் இசைத் தகவல் ஓடும். யுஎஸ்பி, ப்ளூடூத் எதுவும் குறுக்கே வராமல் டாக் போர்டுக்கு நேராகப் போய்ச் சேரும் வழி இது.

பை 4 வரைக்கும் போர்டிலேயே ஒரு ஹெட்போன் சாக்கெட்டும் உண்டு. அதில் கேட்டுவிட்டு "பை சுமார்தான்" என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். அந்த சாக்கெட்டில் உண்மையான டாக் கிடையாது. மின்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றும் ஏற்பாடு அது. உச்சரிப்பு கேட்கப் போதும், தம்புரா கேட்கப் போதாது. பை 5-இல் அந்த சாக்கெட்டையே எடுத்துவிட்டார்கள்.

டாக் சில்லைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்5102ஏ சில்லு பொருத்திய போர்டு சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 112 டெசிபல் என்கிறது டேட்டாஷீட். 16 பிட் சிடியால் தரமுடிந்ததே 96 டெசிபல் அளவுதான். ஆக, ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலையில் வரும் போர்டு காகிதத்தில் சிடியைத் தாண்டி நிற்கிறது. பிறகு ஏன் அதே சில்லை வைத்து ஒருவர் செய்த பெட்டி கரகரக்கிறது, இன்னொருவர் செய்தது தெளிவாக இருக்கிறது? காரணம் சில்லில் இல்லை. அதற்குப் போகும் கடிகாரத் துடிப்பிலும் மின்சாரத்திலும், அது கோத்திருக்கும் எர்த்திலும் இருக்கிறது.

கடிகாரக் கணக்கு சுவாரசியமானது. சிடியின் சாம்பிள் ரேட் நொடிக்கு 44,100. வீடியோ வழி வந்தவை 48,000. பை 3-இன் உள்ளே துடிக்கும் படிகம் 19.2 மெகாஹெர்ட்ஸ், பை 4-இல் 54 மெகாஹெர்ட்ஸ். இவை எதுவும் 44,100-இன் முழு மடங்கு அல்ல. எனவே பை ஒரு துடிப்பைக் கொஞ்சம் நீட்டி, அடுத்ததைக் கொஞ்சம் குறுக்கி, சராசரியில் கணக்கை நேர் செய்கிறது. இந்தத் தடுமாற்றத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். கொஞ்சம் விலை கூடிய டாக் போர்டுகளில் 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு படிகங்களை உட்கார வைத்திருப்பார்கள். முதலாவதை 512-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 44,100. இரண்டாவதை வகுத்தால் 48,000. அந்த போர்டே தாளம் போடும், பை அதற்குக் கட்டுப்பட்டு வாசிக்கும்.

இதனால் காதுக்கு எவ்வளவு லாபம்? ஐந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கில் எதுவும் தெரியாது. நல்ல ஹெட்போனில், அமைதியான அறையில், தனித் தம்புராவை வைத்துக் கேட்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் நான் இந்த போர்டைச் சிபாரிசு செய்கிறேன். அவரிடமும் ஒரு நிபந்தனை போடுவேன்: எது எந்த போர்டு என்று தெரியாமல் கேளுங்கள், இரண்டின் ஒலி அளவையும் மல்டிமீட்டர் வைத்துச் சமன் செய்த பிறகு கேளுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்றுதான் சொல்லும். இந்தத் தொழிலில் பாதி வியாபாரம் அந்த அரை டெசிபலில்தான் நடக்கிறது.

இப்போது மின்சாரம். பை 4 இசை மட்டும் வாசிக்கும்போது 3 முதல் 4 வாட் இழுக்கும். 20,000 எம்ஏஎச் என்று அச்சடித்த பவர் பேங்க், 3.7 வோல்ட் செல் கணக்கில் 74 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றும் இழப்பைக் கழித்தால் கையில் நிற்பது சுமார் 60. பதினைந்து மணி நேரம் ஓடும். ஒரு நாள் ஒத்திகையும் நிகழ்ச்சியும் தாராளமாக முடிந்துவிடும். ஆனால் எல்லா பவர் பேங்கும் ஆகாது. பாட்டு ஓடும்போதே சார்ஜரைச் செருகிப் பிடுங்கிப் பாருங்கள். சிலவற்றில் அந்தக் கணம் மின்சாரம் கண் சிமிட்டும், பை உடனே ரீஸ்டார்ட் ஆகும். அப்படிப்பட்டதைக் கடையிலேயே கழித்துவிட வேண்டும்.

அடுத்தது கேபிள். பவர் பேங்க்கில் 5 வோல்ட் இருப்பதால் பைக்கு 5 வோல்ட் கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. மெலிந்த யுஎஸ்பி கேபிளில் பாதி வழியிலேயே வோல்டேஜ் கரைந்துவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பாட்டு திக்கும். திரையில் மின்னல் குறி வருவது இதற்குத்தான். எங்கள் பெட்டியில் திரையே இல்லாததால் அது கண்ணில் படாது. ஆகவே பாட்டை ஓடவிட்டு மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 2-ஆம் ஊசியிலும் கறுப்பு முனையை 6-ஆம் ஊசியிலும் வைப்பேன். 4.9-க்குக் குறைந்தால் கேபிள் குப்பைக்குப் போகும். பெட்டி 'சரியில்லை' என்று திரும்பி வரும்போது முதலில் நான் பார்ப்பது இந்த இரண்டு ஊசிகளைத்தான்.

பையும் டாக்கும் ஒரே 5 வோல்ட்டில் குடித்தனம் நடத்தினால், பை மெமரி கார்டைத் தொடும்போதும் வைஃபையில் பேசும்போதும் ஏறி இறங்கும் மின்னோட்டம் டாக்கின் வாயில் இரைச்சலாக வரும். அதனால் டாக்குக்குத் தனி பேட்டரி கொடுக்கிறேன்: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் இரண்டைத் தொடராகக் கோத்தால் 6.4 வோல்ட். அதை அனலாக் டிவைசஸின் எல்டி3045 போன்ற லீனியர் ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இறக்குவேன். இந்த ரெகுலேட்டரின் சொந்த இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. செல் வகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இசை அல்ல, வெயில். மே மாதத்தில் கார் டிக்கியில் கிடக்கப்போகிற பெட்டி இது. சூடு தாங்குவதில் பாஸ்பேட் செல் மற்ற லித்தியம் செல்களைவிடப் பத்திரமானது. தீரும் தறுவாய் வரை வோல்டேஜும் அதிகம் சரியாது.

இனி ஹம், முதலில் சொன்ன அந்த ரீங்காரம். அரங்கத்து மிக்சர் ஒரு பிளக் போர்டில் எர்த் எடுக்கும். மேடை ஓரத்து லேப்டாப் சார்ஜர் வேறொரு பிளக் போர்டில் எடுக்கும். இரண்டு எர்த்துக்கும் இடையில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஆடியோ கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைத்தவுடன் அதில் மின்னோட்டம் பாயும். அது பாட்டோடு கலந்து வெளியே வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளைகளைத் தாண்டி வரும்போது 100, 200, 300 என்று அதன் மடங்குகளும் கூடவே கிளம்பும். பெண் பாடகர்கள் பலர் பாடும் ஐந்து கட்டையில் ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். 196-உம் 200-உம் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு தடவை ஏறி இறங்கும் ஓர் அலை பிறக்கும். தம்புரா கலைந்துவிட்ட மாதிரியே இருக்கும். சபையில் உட்கார்ந்திருப்பவர் இதை ஹம் என்று சொல்லமாட்டார். "ஏதோ சுருதி சேரலையே" என்று பாடினவரைத்தான் குறை சொல்வார்.

மைக் செட் தம்பிகள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். "அண்ணே, எர்த் பின்னை உடைச்சிட்டா ஹம் போயிடும்ணே" என்பார்கள். "ஹம் போகும் தம்பி, ஷாக் அடிச்சா ஆளும் சேர்ந்து போயிடுவாரு" என்று ஒவ்வோர் ஊரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எர்த் உயிர் காக்கிற கம்பி. அதை ஒருபோதும் வெட்டக்கூடாது. பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அது எர்த்தைத் தொடும் இடம் மிக்சர் ஒன்றுதான். வளையம் பூர்த்தியாவதில்லை, ஹம்முக்கு வழியும் இல்லை. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியிலும் பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர்கள் உயிர் பெற்றதும் பாட்டு சரியான இடத்தில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளியே போகும் வழியில் ஒரு ஒன்றுக்கு-ஒன்று ஆடியோ டிரான்ஸ்பார்மரை வைக்கிறேன். அதற்குக் காரணம் மிக்சரில் இருக்கும் 48 வோல்ட் ஃபேண்டம். கண்டென்சர் மைக்குக்காகத் தட்டிய பட்டன் சில மிக்சர்களில் எல்லா மைக் சேனலுக்கும் சேர்த்து மின்சாரம் அனுப்பும். நம் எக்ஸ்எல்ஆர் அதில் ஒன்றில் செருகியிருந்தால், 2.1 வோல்ட் கொடுக்கும் டாக்கின் மேல் 48 வோல்ட் திரும்பி வந்து ஏறும். ஃபேண்டம் இரண்டு சிக்னல் ஊசிகளிலும் சமமாக வருவதால் டிரான்ஸ்பார்மரின் சுருளில் அது எதையும் கடத்தாது. பாட்டு மட்டும் கடக்கும். அந்த 2.1 வோல்ட்டும் லைன் இன்புட்டுக்கான அளவு. மைக் இன்புட்டில் செருகினால் உடைந்து ஒலிக்கும். அதற்காக ஒலியைக் குறைக்கும் பேட் ஸ்விட்ச் ஒன்றையும் பெட்டியின் பின்னால் வைத்திருக்கிறேன்.

மென்பொருளில் நான் செய்வதெல்லாம் நீக்கல் வேலை. லினக்ஸின் மேல் எம்பிடி என்ற மியூசிக் பிளேயர் மட்டும் ஓடும். ஒலியை லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் பொது மிக்சருக்கு அனுப்பாமல் டாக்குக்கு நேராகவே அனுப்பினால், கோப்பில் இருக்கும் எண்கள் ஒன்றுகூட மாறாமல் போய்ச் சேரும். மெமரி கார்டைப் படிக்க மட்டும் அனுமதித்து, எழுதுவதைப் பூட்டிவிடுவேன். நிகழ்ச்சி முடிந்த களேபரத்தில் யாரும் முறையாக ஷட்டவுன் செய்யப் போவதில்லை, ஸ்விட்சைத்தான் அணைப்பார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுவிடும். இந்தத் தொந்தரவே வேண்டாம் என்பவர்களுக்கு முழுக்க முழுக்க ரேமில் ஓடும் பைகோர்பிளேயர் இருக்கிறது.

எம்பிடியில் 'சிங்கிள்' என்று ஒரு நிலை உண்டு: ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல் நின்றுவிடும். நாட்டியத்துக்கு இது உயிர்நாடி. ஆடி முடித்த பெண் கைகூப்பி நிற்கும்போது தில்லானா தானாகத் தொடங்கிவிட்டால் நிகழ்ச்சியே கேலிக்கூத்தாகிவிடும். அதனால் பெட்டி விழித்துக்கொள்வதே சிங்கிள் நிலையில்தான். கட்டுப்படுத்த நான்கு நிஜ பட்டன்கள்: ஓட்டு, நிறுத்து, முந்தையது, அடுத்தது. நிறுத்து பட்டனை மட்டும் ஒரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இருட்டில் கை பட்டுப் பாட்டு நின்றுவிடக் கூடாது. போன் ஆப்பிலிருந்தும் இயக்கலாம். ஆனால் அரங்கு நிறைந்து நூற்றுக்கணக்கான போன்கள் காற்றில் மொய்க்கும் நேரத்தில் வைஃபையை நம்ப மாட்டேன்.

கோப்புகளுக்கு வருவோம். சிடி தரத்து இசை நொடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி. 2001-இல் வந்த ஃபிளாக் முறை ஒரு துளிகூட இழக்காமல் அதை ஏறக்குறைய பாதியாக்கும். மூன்று மணி நேரக் கச்சேரி ஒரு ஜிபியில் அடங்கிவிடுகிற காலத்தில் எம்பி3-ஐக் கட்டி அழவேண்டிய அவசியமில்லை. எம்பி3-இல் இன்னொரு சங்கடமும் உண்டு. அது இசையை 1,152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக அடைப்பதால், ஆரம்பத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டிய கச்சேரியில், நடுவில் தம்புரா ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒட்டும். ஃபிளாக்கில் அந்த வெட்டு தெரியாது.

ஒருமுறை ஒரு நாட்டிய ஆசிரியை ஒத்திகையிலிருந்து போன் செய்தார். "சார், உங்க பெட்டியில பாட்டு ஓடுது. பசங்க மூச்சு வாங்குறாங்க, சுருதியும் ஏறியிருக்கு." கோப்பைத் திறந்து பார்த்தேன். 44,100-இல் பதிவானதை 48,000 என்று வைத்த ப்ராஜெக்டில் மாற்றாமல் அப்படியே இறக்கி ஏற்றுமதி செய்திருந்தார்கள். காலப்பிரமாணம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, ஐந்து கட்டை ஏறக்குறைய ஆறு கட்டைக்குப் போயிருந்தது. பெட்டி ஒன்றும் செய்யவில்லை; கொடுத்ததைக் கொடுத்தபடி வாசித்தது. ஒத்திகையில் அகப்பட்டதால் கோப்பைச் சரிசெய்ய நேரம் இருந்தது.

பழைய கேசட்டுகளை 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மாற்றிக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். நாடாவில் இல்லாததைப் பெரிய எண் கொண்டுவராது. அதன் இரைச்சலைத்தான் நுணுக்கமாகப் பதிவு செய்யும். அதற்குப் பதில் கேசட் டெக்கின் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வுக் கோணமான அஸிமத்தைத் திருத்தி, மோட்டார் வேகத்தைச் சரிபார்த்து எடுத்தால் 16 பிட்டிலேயே பாடகர் எதிரில் வந்து உட்காருவார்.

லெக்-டெம் செய்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மியூசிக் பிளேயர்கள் எல்லாம் பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்றிலேயே உலகத்தை முடித்துவிடுகின்றன. நமக்கு ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் வேண்டும். நான் ராகத்தை 'ஜானர்' இடத்திலும் தாளத்தை 'குரூப்பிங்' இடத்திலும் எழுதிக் கொடுக்கிறேன். தமிழில்தான் எழுதுவேன். ஆங்கில எழுத்தில் ஒரே தோடி மூன்று விதமாகப் பதிவாகி மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். மேடையில் பேசிக்கொண்டிருப்பவர் "அந்த பைரவியைப் போடுங்க" என்றால் எடுத்துக் கொடுக்க இது கைகொடுக்கும்.

பெட்டியை அலுமினியத்தில் செய்கிறேன். 80 டிகிரியில் பை தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஃபேன் வைத்தால் அதுவே ஓர் இரைச்சல். சில்லிலிருந்து பெட்டியின் சுவருக்கு ஓர் அலுமினியக் கட்டையை ஒட்டிவிட்டால் பெட்டி முழுவதும் ஹீட் சிங்க் ஆகிவிடும். உலோகம் வைஃபையை மறைக்கும் என்பதால் ஆன்டெனாவை வெளியே எடுக்க வேண்டும். வெளிநாடு போகும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், அளவு மேலே அச்சிட்டிருக்க வேண்டும். கம்பி தொங்கும் பெட்டியை விமான நிலைய ஸ்கேனரில் வைத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது சுகமான அனுபவம் அல்ல.

இதைச் செய்யவோ வாங்கவோ நினைப்பவர்கள் காசை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் ஒலிப்பதிவு: ஸ்டூடியோவில் எம்பி3-ஐ வாங்கிக்கொண்டு வராதீர்கள், மூல வேவ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள், கூடுதல் செலவு இல்லை. இரண்டாவது ஸ்பீக்கரும் அதை வைக்கும் இடமும். மூன்றாவது பேட்டரி, கேபிள், டிரான்ஸ்பார்மர். நான்காவது, எல்லா டிராக்குகளும் ஏற்றிய இன்னொரு பெட்டியோ ஒரு போனோ கைவசம் மாற்றுக்கு. டாக் சில்லைப் பற்றிய யோசனை அதற்கும் பிறகு. முந்தைய நான்கையும் ஒழுங்காகச் செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சில நூறு ரூபாய் போர்டை மாற்ற வேண்டும் என்று என்னிடம் திரும்பி வந்ததில்லை.